மூன்று பக்க யோசனை

"கோவிச்சுக்காதம்மா. உன் யோசனை வேண்டாம்னு முடிவு பண்ணிட்டோம்" என்றார் மாமா, தன் மூக்குக்கண்ணாடியை ஊதித் துடைத்தபடியே.

அவளுக்குச் சுருக்கென்றது.

மாமா என்றால் அக்காவின் கணவர். கண்ணாடிக் கடை அவருக்குப் பிழைப்பு. மின்னூல் படிக்கும் ஒரு ஓபன் சோர்ஸ் செயலிதான் அவருக்கு உயிர். இலவசச் செயலி, யார் வேண்டுமானாலும் திருத்தம் சொல்லலாம் என்று பார்ப்பவரிடமெல்லாம் பெருமை பேசுவார். சொன்னால்தான் பிடிக்காது.

கடையின் பின்னறையில், கண் பரிசோதிக்கும் எழுத்துப் பலகைக்குக் கீழேதான் குழுவின் கூட்டம் நடக்கும். குழு என்றால் பெரிய பட்டாளமெல்லாம் இல்லை. மாமா, நிரல் எழுதித் தரும் கணக்கு டீச்சர், அவ்வளவுதான். மருந்து அட்டைப்பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைப்பது அவள் வேலை. செயலியின் முகத்தையே மாற்றும் யோசனை ஒன்றை அவர்களுக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். ஆறு மாத ஞாயிற்றுக்கிழமைகள் அதற்கே போயிருந்தன. ஒருமுறை நிராகரித்தால் மூன்று வருடத்துக்கு அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்பது குழுவின் விதி.

"இப்ப இருக்கிறது மட்டும் நல்லாவா இருக்கு மாமா? ஜனங்க கூட்டம் கூட்டமா விட்டுட்டுப் போறாங்க!"

"போறவங்க போகட்டும். நேத்துகூட ஒருத்தர் எழுதியிருக்கார், கதை பாதியிலயே நின்னு போச்சாம். அத்தியாயம் முடிஞ்சா மேல் ஓரத்துல இருக்கிற அம்புக்குறியைத் தட்டணும். இது ஒரு பெரிய வித்தையா? கண்ணு தெரியலைன்னா என் கடைக்கு வரச் சொல்லு."

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். "மாசம் நூறு பேராவது இதையே கேக்கறாங்க சார். பத்து வருஷமா அந்த அம்பு அங்கேயேதான் இருக்கு."

"கடுகு சைஸ்ல இருக்கு டீச்சர்!"

"கடுகா இருந்தா என்ன? இருக்கா இல்லையா?"

இவர்களோடு மல்லுக்கட்ட முடியாது என்று அவளுக்குப் புரிந்தது. "அதை விடுங்க. என் யோசனையில என்ன குறை? அதையாவது சொல்லுங்க."

மாமா கண்ணாடியைக் கீழே வைத்தார். "குறை கண்டுபிடிக்கிறதுல நீ உங்க அக்காவையே மிஞ்சிட்ட. பட்டன் சரியில்லை, எழுத்து சரியில்லை, கலர் கண்ணைக் குத்துதுன்னு வரிசையா எழுதியிருக்க. சரி, பதிலுக்கு என்ன பண்ணலாம்னு சொன்னியா? புதுத் திரை எப்படி இருக்கும்னு ஒரு படமாவது போட்டியா?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மாமா, நிஜமாவே முழுசா படிச்சீங்களா?"

மாமாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "என்னைப் பார்த்து இந்தக் கேள்வியா? வரி விடாம ரெண்டு தடவை படிச்சேன். அதுவும் நம்ம செயலியிலயேதான். யோசனை எதுவானாலும் மின்னூலா வரணும், அதை நம்ம செயலியிலதான் படிக்கணும்னு விதி போட்டதே நான்தானே!"

"நானும் படிச்சேம்மா" என்றார் டீச்சர். "ஆறு மாசம் உழைச்சேன்னு சொன்ன. மூணே பக்கத்துல பொசுக்குனு முடிச்சுட்டியே!"

அவள் கண்கள் கலங்கத் தயாராகத்தான் இருந்தன. ஆனால் சட்டென்று ஏதோ பொறி தட்டியது.

"கடைசி வரி என்ன மாமா? ஞாபகம் இருக்கா?"

"ஏன் இல்லாம? 'இத்தனை சிக்கலுக்கும் என்னதான் தீர்வு?' அதோட நிறுத்திட்ட. தீர்வை எங்ககிட்டயே கேட்டா நாங்க எங்கம்மா போறது?"

அழுகை வரவேண்டிய இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேசை மேல் கிடந்த மாமாவின் டேப்லெட்டை அவரிடமே நீட்டினாள். அதே கடைசி வரியோடு திரை திறந்தபடி இருந்தது.

"மேல் ஓரத்துல ஒரு தட்டு தட்டுங்க மாமா."

"எங்கே?"

"அங்கேதான். பத்து வருஷமா இருக்கே, அங்கே."

மாமா துடைத்து வைத்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். இடது ஓரம், வலது ஓரம் என்று விரலால் தேடினார். மூன்றாவது தட்டில்தான் அந்தக் கடுகு அகப்பட்டது.

'அத்தியாயம் இரண்டு: தீர்வுகள்' என்று திரை விரிந்தது.

"இன்னும் முப்பத்தெட்டுப் பக்கம் இருக்கு மாமா" என்றாள் அவள். "படமும் இருக்கு."