மூணாவது சிலிண்டர்

"ஹெட்டைக் கழட்டி, வால்வை மாத்தி, எஞ்சினைப் புதுசாக்கிட்டேன்னு சொன்னீங்களே, இதுதானா அந்த லட்சணம்?"

வேனை விட்டு இறங்குவதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டாள் டிரைவரம்மா. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அவளை அந்தப் பக்கத்தில் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "என்ன ஆச்சும்மா?"

"காலையில மேடு ஏறாம நின்னுடுச்சு. உள்ள பதினாலு குழந்தைங்க. பின்னாடி லாரிக்காரன் ஹாரன் அடிச்சே காதைக் கிழிச்சுட்டான். உங்ககிட்டேருந்து வண்டியை எடுத்துட்டுப் போய் ஒரு வாரம்கூட ஆகலை!"

"அன்னைலேருந்தே இப்படியா?"

"இல்லை. முந்தாநாள் வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு. நேத்துலேருந்துதான் இழுவையே இல்லை."

அவர் வாதாடவில்லை. நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழட்டி, முதல் துளையில் காற்றழுத்தம் காட்டும் கம்ப்ரஷன் கேஜைத் திருகினார்.

"ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சு செல்ஃப் அடிங்கம்மா."

அடித்தாள். முள் நூற்றறுபதுக்கு ஏறியது. இரண்டாவதில் நூற்றைம்பத்தைந்து. மூன்றாவதில் அறுபதைத் தாண்டவே மாட்டேன் என்றது. நான்காவதில் மறுபடியும் நூற்றறுபது.

"மூணாவது சிலிண்டர்ல காத்து நிக்கலை" என்றார்.

"அதைக் கண்டுபிடிக்க இவ்வளவு நேரமா?"

அந்தத் துளையில் இரண்டு சொட்டு ஆயில் விட்டார். "பிஸ்டன் ரிங் தேஞ்சிருந்தா இப்ப முள் ஏறணும்." ஏறவில்லை. கம்ப்ரஸர் குழாயைச் செருகி உள்ளே காற்றை அடித்தார். வண்டியின் பின்னால் சைலன்ஸரில் புஸ்ஸென்று கேட்டது.

"எக்ஸாஸ்ட் வால்வ் முழுசா மூடலை."

"நீங்க போட்ட புது வால்வ்!"

"ஆமா."

மேல்மூடியைத் திறந்து, காகிதம் போல மெல்லிய அளவுத் தகட்டை ஒவ்வொரு வால்வின் இடைவெளியிலும் விட்டுப் பார்த்தார். ஏழில் நுழைந்தது. அந்த ஒன்றில் மட்டும் நுனிகூடப் போகவில்லை. யாரோ நட்டை இறுக்கி, வால்வ் மூட முடியாதபடி இடைவெளியே இல்லாமல் செய்திருந்தார்கள். நட்டின் முனையும் மழுங்கியிருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"வேற யாராவது வண்டியில கை வச்சாங்களாம்மா?"

அவ்வளவுதான், அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"பழியைத் தூக்கி யார் தலையில போடலாம்னு பார்க்கறீங்களா? வீட்டுல நானும் அவரும்தான். விபத்துல அடிபட்டதுலேருந்து அவரால வலது கையில ஒரு டம்ளரைக்கூடப் பிடிக்க முடியலை. வண்டி ஓட்டின மனுஷன், ரெண்டு வருஷமா தெருவைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கார். வேற யார்? பேய் வந்து முடுக்கிட்டுப் போச்சா?"

பக்கத்தில் வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். மெக்கானிக் சிரிக்கவில்லை.

"இல்லம்மா. நான்தான் டைட்டா வச்சிருக்கேன். என் தப்புதான்."

சண்டைக்கு வரிந்துகட்டி வந்தவளுக்கு இது இன்னும் எரிச்சலாக இருந்தது. "குழந்தைங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"தப்புதாம்மா" என்றார் மறுபடியும்.

பத்து நிமிடத்தில் இடைவெளியைச் சரியாக வைத்து, புது நட்டும் போட்டு, கேஜைத் திருகிக் காட்டினார். நூற்றைம்பத்தெட்டு. திரும்பும்போது வேன் மேட்டில் சும்மா ஜிவ்வென்று ஏறியது. ஆனாலும் அவள் கோபம் இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஊரிலுள்ள வேன் ஓட்டுநர்கள் அத்தனை பேரும் இருக்கிற வாட்ஸ்அப் குழு.

"யாருக்கு எழுதறே?" கணவன் எதிரில் வந்து நின்றான்.

"எல்லாருக்கும்தான். 'அந்த மெக்கானிக்கிட்ட யாரும் வண்டியை விடாதீங்க. செஞ்ச தப்பை அவரே ஒத்துக்கிட்டார்'னு. நாளைக்கு ஒரு வண்டி அந்தப் பட்டறைக்குப் போகாது பாரு."

"அனுப்பாதே."

"ஏன், உனக்கென்ன அவர்மேல அவ்வளவு கரிசனம்?"

"அந்த நட்டை முடுக்கினது நான்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"முந்தாநாள் சாயங்காலம் நீ வண்டியைத் திருப்பி நிறுத்தினப்போ உள்ள டிக் டிக்னு ஒரு சத்தம். மூணாவது சிலிண்டர் வால்வ்தான்னு தோணுச்சு. நீ குளிக்கப் போன நேரத்துல மூடியைக் கழட்டி, இடது கையால திருகினேன். ஸ்பேனர் வழுக்கிடுச்சு. எவ்வளவு இறுக்கினேன்னு கைக்குத் தெரியலை. உனக்கு ஒரு வேலையாவது மிச்சமாகட்டும்னு பார்த்தேன்... குழந்தைங்களை வச்சுக்கிட்டு நீ மேட்டுல நின்னேன்னு கேட்டதும் சோறு இறங்கலை."

"நான் எப்ப உன்கிட்ட மேட்டுல நின்னதைச் சொன்னேன்?"

"நீ சொல்லலை. மெக்கானிக் சொன்னார். நீ கிளம்பினதுமே போன் பண்ணிட்டார். மழுங்கின நட்டையும், வீட்டுல நாம ரெண்டு பேர்தான்னு நீ சொன்னதையும் வச்சே நான்தான்னு புரிஞ்சுபோச்சாம்."

பட்டறை ஆட்கள் முன்னால் அவரைத் தான் பேசிய பேச்செல்லாம் அவளுக்கு வரிசையாக நினைவுக்கு வந்தது. போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"நல்லா திட்டினாரா?"

அவன் இல்லையென்று தலையை ஆட்டினான். இரண்டு வருடமாக அவள் பார்க்காத ஒரு வெளிச்சம் அவன் முகத்தில் இருந்தது.

"'புது வால்வ்னு அந்த ஒண்ணை மட்டும் நான்தான் மயிரிழை லூசா வச்சேன், என் பட்டறையில அந்தச் சத்தம் ஒருத்தன் காதுலயும் விழலை, நட்டை நாங்க முடுக்கிக்கறோம், திங்கக்கிழமையிலேருந்து வந்து எஞ்சினைக் கேட்டுச் சொல்றது உங்க வேலை'ன்னார்."