பன்னிரண்டாவது பொருள்

“நாற்பத்தொரு பேர்! ஒரே வீட்டுல நாற்பத்தொரு பேர்! அது வீடா, இல்ல ரயில் பெட்டியா?”

நான்காவது வார்டு உறுப்பினர் மேசையைத் தட்டிய தட்டில், மேயரின் முன்னிருந்த தண்ணீர்க் குவளை ஒருமுறை துள்ளி அடங்கியது.

மாநகராட்சி மன்றத்தின் அன்றைய நிகழ்ச்சி நிரலில் பன்னிரண்டு பொருள்கள் இருந்தன. முதற்பொருள், இரண்டாண்டுகளாகப் பொறுப்பு ஆணையராக இருந்துவரும் அம்மையாரை நிரந்தர ஆணையராக நியமிப்பது. மன்றம் மறுத்துவிட்டால், அவர் வேறு ஊருக்குப் பெட்டி கட்ட வேண்டியதுதான்.

பன்னிரண்டாவது பொருள் என்னவென்று உறுப்பினர் ஒருவருக்கும் தெரியாது. ஒவ்வொரு கூட்டத்திலும் பதினொன்று முடியும் வேளையில் தேநீர் வண்டி வந்துவிடும். உறுப்பினர்கள் கற்பூரமாய்க் கரைந்துவிடுவார்கள்.

“விஷயத்துக்கு வாங்க,” என்றார் மேயர்.

“வந்துட்டேன் தலைவரே! வீடில்லாதவங்க தங்கறதுக்கு நாம ஒரு காப்பகம் நடத்துறோம். அதோட பதிவேட்டைப் புரட்டினேன். தங்கியிருக்கிற நாற்பத்தொரு பேருக்கும் ஒரே விலாசம். யார் வீட்டு விலாசம்? இந்தப் பூனையும் பால் குடிக்குமான்னு உட்கார்ந்திருக்காங்களே, இந்த அம்மா வீட்டு விலாசம்!”

மன்றம் சலசலத்தது. மேயர் அம்மையாரின் பக்கம் திரும்பினார்.

“உங்க வீட்ல எத்தனை அறைம்மா?”

“ரெண்டுங்க. ஒண்ணுல மாமியார் இருக்காங்க.”

“அப்ப நாற்பத்தொரு பேரும் மாமியார் கட்டிலுக்கு அடியிலயா?” என்றார் நான்காவது வார்டுக்காரர்.

சிரிப்பொலி அடங்குவதற்கே சற்று நேரம் பிடித்தது. அவர் விடவில்லை.

“இன்னும் கேளுங்க. தினமும் சாயந்திரம் ஒரு துணிப்பை நிறைய எதையோ கொண்டுபோய்க் காப்பகத்துல கொடுக்கறாங்க. திரும்பி வரும்போது பை காலி. என்ன வியாபாரம்மா அது?”

“வியாபாரம் இல்லைங்க. தபால்.”

“தபாலா?”

“விலாசம்னு ஒண்ணு இருந்தா கடிதம் வரத்தானே செய்யும்? ஒருத்தருக்கு வேலைக்கு வரச்சொல்லி வந்துச்சு. ஒரு அம்மாவுக்கு ஓய்வூதிய அட்டை வந்துச்சு. போன வாரம் ஒரு பெரியவருக்கு, ஒன்பது வருஷமாப் பேசாம இருந்த மக எழுதியிருந்தா. அவருக்குப் படிக்கத் தெரியாது. நான்தான் படிச்சுச் சொன்னேன். மூணு தடவை படிக்கச் சொன்னார்.”

அம்மையார் மேயரின் பக்கம் திரும்பினார்.

“எனக்கு வேற ஊர் கிடைக்கும்ங்க. ஆனா நான் வீட்டைக் காலி பண்ணினா, நாற்பத்தொரு பேருக்கும் விலாசம் போயிடும்.”

“உருக்கமாத்தான் இருக்கு. ஆனா பொய் விலாசம் பொய் விலாசம்தானே? வீடில்லாதவங்கன்னா அந்தக் கட்டத்தைக் காலியா விடவேண்டியதுதானே?”

“விட்டா உள்ளே சேர்க்க முடியாதுங்க. நிரந்தர விலாசம் இல்லாதவங்களுக்குக் காப்பகத்துல இடமில்லைன்னு விதி இருக்கு.”

“என்னது! வீடில்லாதவன்கிட்ட வீட்டு விலாசம் கேக்கறதா?” நான்காவது வார்டுக்காரர் தம் தலையில் அடித்துக்கொண்டார். “மொட்டைத் தலையன்கிட்ட சீப்பு கேட்ட கதையால்ல இருக்கு! இந்த விதியைக் கொண்டுவந்த மகான் யாரு? கொஞ்சம் எழுந்து நிக்கச் சொல்லுங்க, கண் குளிரப் பாத்துக்கிறேன்!”

மன்றச் செயலர் பழைய தீர்மானப் புத்தகத்தைப் புரட்டினார். ஓரிடத்தில் அவர் விரல் நின்றது. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மீண்டும் ஒருமுறை படித்தார்.

“அவர்... ஏற்கெனவே நின்னுகிட்டுத்தாங்க இருக்கார்.”

கூரை அதிரச் சிரித்தது மன்றம். நான்காவது வார்டுக்காரர் பொத்தென்று உட்கார்ந்தார்.

“வெளியூர்க்காரங்க வந்து இடத்தைப் பிடிச்சுக்கக் கூடாதேன்னு...” என்று முனகினார்.

“ஏகமனதாக நிறைவேறியதுன்னும் போட்டிருக்குங்க,” என்றார் செயலர்.

கத்தரிக்கோல் கொண்டு வெட்டியதுபோல் சிரிப்பு நின்றது.

மேயர் தொண்டையைச் செருமிக்கொண்டார். “விதி தப்புன்னா இங்கே சொல்லியிருக்கலாமேம்மா?”

“திருத்தக் கேட்டு ஏழு கூட்டத்துல வச்சேனுங்க. இன்னைக்கும் வச்சிருக்கேன்.”

“எத்தனாவது பொருளா?”

“பன்னிரண்டாவதுங்க.”

யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

வாக்கெடுப்பு நடந்தது. கைகள் ஒவ்வொன்றாக உயர்ந்தன. கடைசியாக, தலையைச் சொறியப் போவதுபோல் பாதிவரை வந்த ஒரு கை, பிறகு முழுவதுமாக உயர்ந்தது. அது நான்காவது வார்டுடையது. அம்மையார் நிரந்தர ஆணையரானார்.

மற்றப் பத்துப் பொருள்களும் வழக்கம்போல் பத்தே நிமிடத்தில் நிறைவேறின. வராந்தாவில் தேநீர் வண்டியின் சக்கரங்கள் கிறீச்சிட்டன. நாற்காலிகள் நகர்ந்தன. எப்போதும்போல் நான்காவது வார்டுக்காரர்தான் வாசலுக்கு முதல் ஆளாய் ஓடினார்.

ஓடியவர் வெளியே போகவில்லை. கதவைச் சாத்தித் தாழிட்டு, அதன்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார்.

“உட்காருங்கய்யா எல்லாரும்! செயலரே, அந்தப் பன்னிரண்டாவதைப் படிங்க.”

அந்த மன்றத்தின் வரலாற்றில் அன்றுதான் முதன்முறையாகத் தேநீர் ஆறிப்போயிற்று.