ஏழாம் அறைக்குப் புதிய பேய்

கொடைக்கானலின் அந்தப் பழைய ஹோட்டலுக்குப் பேய் பார்க்கத்தான் ஆட்கள் தங்க வருவார்கள். வெள்ளைக்காரச் சீமாட்டியின் பேய் எல்லோருக்கும் சலித்துப்போனதும், நிர்வாகம் ஏழாம் அறைக்குப் புதிதாக ஒரு பேயை ஒளியுருவமாகச் செய்தது. அங்கேயே வேலை பார்த்து, போன வருடம் மாரடைப்பில் இறந்துபோன சர்வர் ஞானப்பிரகாசம்தான் அது. கேமராப் பதிவுகளிலிருந்து அவருடைய நடையையும் குரலையும் அப்படியே எடுத்திருந்தார்கள்.

அவர் மனைவி செசிலி மறுபடியும் மேனேஜர் முன்னால் வந்து நின்றாள்.

"எம் புருஷன் யாரையும் அதட்டிக்கூடப் பேசினதில்ல சார். அவரப் போய் பேயா அலையவிட்டிருக்கீங்களே! நிறுத்துங்கன்னு எத்தன தடவ கேக்குறது?"

"வேலைக்குச் சேரும்போதே அவர் சம்மதம் கொடுத்திருக்காரும்மா. நீங்களே ஒரு தடவ வந்து பாருங்க."

திரைச்சீலைகள் மூடிய ஏழாம் அறைக்குள் செசிலி நின்றாள். சுவரோரமாக, இடது காலைக் கொஞ்சம் இழுத்தபடி ஞானப்பிரகாசம் வந்தார்.

"என்னங்க..." என்றாள்.

அவர் உருவம் மங்கத் தொடங்கியது.

"ஏன் சார் மறையிறாரு?"

வாசலில் நின்ற மேனேஜர் சொன்னார்: "பயப்படாதவங்க முன்னால அது நிக்காதும்மா. அலறினாத்தான் நிக்கும். அப்படித்தான் செஞ்சிருக்கோம்."

மேனேஜரைத் திட்டத்தான் செசிலி வாயைத் திறந்தாள். அதற்குள் ஞானப்பிரகாசத்தின் உருவம் காலிலிருந்து தோள்வரை கரைந்துவிட்டது. அவள் கணவர் பக்கம் திரும்பி, தொண்டை கிழிய அலறினாள்.

அவர் மறையாமல் நின்றார். அவள் மூச்சை இழுத்துக்கொண்டு மீண்டும் அலறினாள்.