சாட்சிக் கையெழுத்து

"முழுசாப் படிச்சுட்டு அப்புறமா..."

"படிச்சாச்சு! இதுல நான் சாட்சிக் கையெழுத்துப் போட மாட்டேன்."

"கத்தாதே, லலிதா."

"கத்தாம? 'மூச்சு அடங்கும் நிலை வந்தால் குழாய், மெஷின் எதுவும் வைக்க வேண்டாம். வீட்டிலேயே இருக்க அனுமதிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.' ரயில்வே ஆபீசுல குப்பை கொட்டின பழக்கம், போறதுக்கும் லீவு லெட்டர் எழுதறேளா?"

கைலாசநாதன் நாற்காலியை விட்டு எழுந்தார், உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். மண்டி மொஹல்லாவில் அவர்கள் வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் போன வாரம் அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருந்தார். குழாயா, வீடா, திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இன்று சனி.

"ஒரு முன்யோசனைதான். நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா, நம்ம பிள்ளை பாம்பேலேர்ந்து ஓடிவந்து மெஷினை மாட்டுன்னுதான் நிப்பான்."

"மாட்டட்டுமே! தினம் விடிஞ்சா சாமுண்டி மலைப்படி ஏறி இறங்கற மனுஷனுக்கு இப்ப என்ன வந்துடுத்து?"

லலிதாம்பாள் காகிதத்தை மேஜைமேல் அறைந்தாள். நழுவாமல் இருக்க நூல் சுற்றியிருந்தும், வளையல் முழங்கைவரை ஓடித் திரும்பியது.

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கம்பியைப் பிடித்தார், விட்டார்.

"சரி, என்னை விடு. ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். உனக்குன்னா நான் என்ன பண்ணணும்?"

"பேச்சை மாத்தாதேங்கோ."

"மாத்தலை. சொல்லேன். ஆஸ்பத்திரியா, வீடா?"

திரும்பிப் பார்த்தார். அவள் கோபம் போன இடம் தெரியவில்லை.

"இதைக் கேக்க இத்தனை நாளா? வீடுதான். இதோ, இந்த ஜன்னலோரம் கட்டிலைப் போட்டுடுங்கோ."

அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவினாள். கல்யாணமான நாளிலிருந்து ஒருமுறைகூட வாயால் சொல்லாத அவர் பெயரை ஒரே கோடாக அடித்தாள். அதன்மேல் தன் பெயரை எழுதி, கீழே நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள்.

"சாட்சிக்கு நீங்க போடுங்கோ."

பேனாவை வாங்கியவர் அவள் பெயரை இன்னொரு முறை படித்தார். "லலிதா... உனக்கு... யார் சொன்னா?"

"என் விஷயத்தை உங்களைத் தனியாக் கூப்பிட்டு மெதுவாச் சொல்லுங்கோன்னு டாக்டர்கிட்ட கேட்டுண்டதே நான்தானே."