பேட்டரி இல்லாத வண்டி

“உசுரு இருக்கா பாய்?”

பேச்சாயி கேட்ட தினுசில், ஏதோ ஆஸ்பத்திரி சமாச்சாரம் என்று நினைத்துப் பக்கத்தில் நின்றவர் வழிவிட்டார். மீரான் பாய் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டு அருகே டார்ச், ரேடியோ ரிப்பேர் பார்ப்பவர். அவர் கையில் இருந்தது ஒரு அட்டைக் கார்.

பேச்சாயியின் ஒன்பதாவது படிக்கும் மகள் தமிழ்மதி இரண்டு மாதமாகச் சோறு தண்ணி மறந்து செய்தது. இன்று பள்ளியில் அறிவியல் கண்காட்சி. ஜெயித்தால் சென்னைப் போட்டி. மேஜையை அலங்கரிக்க ஏழு மணிக்கே கிளம்பியவள், “பத்து மணிக்குள்ள கொண்டாந்துரும்மா, பத்திரம்” என்று படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

அதைத்தான் பேச்சாயி, ஒட்டடை அடிக்கிறேன் பேர்வழி என்று அலமாரியிலிருந்து தள்ளிவிட்டாள். பதறி எடுத்து ஸ்விட்சைப் போட்டால், சக்கரம் அசையவில்லை.

நேற்று சாயங்காலம் வீடெல்லாம் ஓடிய வண்டி. ஓட்டிக் காட்டிய பிறகு மகள் அதன் ஒயரில் சின்ன பல்பு ஒன்றை மாட்டி, அது மங்கி அணையும்வரை பார்த்திருந்து எடுத்து வைத்தாள். அம்புட்டுக் கருத்தாய் வைத்ததைப் பெற்றவளே கெடுத்துவிட்டாளே. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும்? டவுன் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அழுதாள்.

“மோட்டாரு நல்லாருக்கும்மா. இந்த உருளையிலதான் கரண்டே இல்ல. ரெண்டு பேட்டரி வச்சா ஓடும்” என்றார் பாய்.

“வைங்க பாய். வெளிய தெரியாம அடியில ஒட்டிருங்க. தெரிஞ்சா பிள்ள மனசு ஒடிஞ்சு போயிரும்.”

பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் காரைக் கொண்டுபோய்ச் சேர்த்தாள். மேஜையில் தமிழ்மதியின் கையெழுத்தில், பேச்சாயிக்குப் படிக்கத் தெரியாத பலகை: ‘பேட்டரி இல்லாத வண்டி. சூப்பர் கெபாசிட்டர் உருளையில் அரை நிமிடம் சார்ஜ், இரண்டு நிமிடம் ஓட்டம்.’

நடுவர் ஸ்டீபன்ராஜ் வந்தார். தமிழ்மதி அரை நிமிடம் சார்ஜ் ஏற்றி ஸ்விட்சைப் போட்டாள். கார் ஓடியது. பேச்சாயிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

இரண்டு நிமிடம் ஆயிற்று. நான்கு ஆயிற்று. கார் நிற்கவில்லை. பேச்சாயி பூரித்துப் போனாள். தமிழ்மதியின் முகம்தான் வெளுத்தது.

நடுவர் காரைத் தூக்கித் திருப்பினார். அடியில் ஒட்டியிருந்த அட்டையைப் பிரித்ததும் இரண்டு பென்சில் பேட்டரி.

“ஒளிச்சு வச்சுக்கிட்டு, இல்லன்னு போர்டு வேறயாம்மா?” என்றவர், பட்டியலில் பெயரை அடித்துவிட்டு அடுத்த மேஜைக்கு நகர்ந்தார்.

பேச்சாயி அவர் பின்னாலேயே ஓடினாள். “பிள்ள மேல தப்பில்ல சார். காலைல நாந்தான் கீழ போட்டு ஒடச்சேன். பேட்டரி வச்சதும் நாந்தான்.”

தமிழ்மதி வந்து அம்மாவின் கையைப் பிடித்தாள்.

“அது ஒடையவே இல்லம்மா. இங்க ஏத்திக் காட்டணும்னு நாந்தான் சார்ஜ எறக்கி வச்சிருந்தேன்.”