முத்திரைக்குக் கீழே ஒரு முகம்

வீட்டில் நாலு பேர் உட்கார்ந்திருக்கும்போது கம்ப்யூட்டர் திரையில் போலீஸ் முத்திரை வந்து, அதற்குக் கீழே உங்கள் வீட்டுக்காரர் முகமும் வந்து நின்றால், நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்?

தையல்காரி தன் வீட்டுக்காரரைக் கால் மணி நேரம் மூச்சு விடாமல் திட்டினாள். சுற்றுலா போன போட்டோக்களைப் பார்க்க வந்திருந்த நாத்தனாரும் பக்கத்து வீட்டு டீச்சரும், சொல்லிக்கொள்ளாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போனார்கள்.

அதற்கப்புறம் மூன்று நாளாகப் பேச்சில்லை. வேளாவேளைக்குச் சாப்பாடு மட்டும் மேஜைக்கு வந்தது. தட்டு வைக்கிற சத்தத்திலேயே வசவு இருந்தது.

வெள்ளிக்கிழமை, லேப்டாப்பைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, அதை வாங்கிய கடைக்கே மாடியேறினாள். மூச்சு வாங்கியது. சண்டை போடுவதைவிட, போடாமல் இருப்பதுதான் அவளைச் சோர வைத்திருந்தது.

கடைக்காரர் திரையைப் பார்த்ததும் கொட்டாவி விட்டார். "நீங்களுமா அக்கா? இந்த வாரத்துல இது அஞ்சாவது."

"எங்க வீட்டுக்காரர் ஆபாசப் படம் பார்த்திருக்காராம். ரெண்டு நாள்ல அபராதம் கட்டலைன்னா கைதாம். கெடு நேத்தே முடிஞ்சு போச்சு. தெருவுல வண்டிச் சத்தம் கேட்டாலே ஓடிப்போய் ஜன்னல்ல எட்டிப் பாக்குறேன், தம்பி."

"பணம் எதுவும் கட்டிடலையே?"

"அதுக்கு எங்க போறது?"

"நல்லதாப் போச்சு. போலீஸ் எங்கயாவது வீட்டுக் கம்ப்யூட்டருக்குள்ள வந்து அபராதம் கேக்குமா? திருட்டுப் பயலுக வேலை. முத்திரையும் பொய், கேஸும் பொய்."

"முகமும் பொய்யா? இந்தா, பனியனோட உட்கார்ந்திருக்காரே!"

"மேல கேமரா இருக்குல்ல? எதிர்ல யார் உட்கார்ந்தாலும் படம் பிடிச்சு ஒட்டிடும். நீங்க உட்கார்ந்திருந்தா உங்க முகம்."

தையல்காரி சமாதானம் ஆகவில்லை.

"அப்ப ஏன் அவர் வாயைத் திறக்கலை? அவர் பம்ப் ஹவுஸ் ஆபரேட்டர், தம்பி. மோட்டார் பக்கத்துலயே நின்னு நின்னு, உப்பை எடுன்னாலே மூணு வீட்டுக்குக் கேக்கும். அன்னைக்கு ஒரு வார்த்தை இல்லை. குனிஞ்ச தலை நிமிரலை. தப்பு பண்ணாதவன் அப்படியா உட்காருவான்?"

கடைக்காரர் லேப்டாப்பை அணைத்து, ஏதோ ஒரு பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டே மறுபடி போட்டார்.

"போன வருஷம் வரைக்கும் இதோட சுவிட்சைத் தொடவே எனக்குப் பயம், தம்பி. கை பட்டா வெடிச்சிடுமோன்னு இருக்கும். அவர்தான் தினம் சாயங்காலம் பக்கத்துல உட்கார வெச்சுச் சொல்லிக் கொடுத்தார். நானும் நமக்காகத்தான் வாங்கியிருக்கார்னு நம்பிட்டேன் பாருங்க, என்னைச் சொல்லணும்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "உள்ள அறுபது யூனிஃபார்ம் அளவு இருக்கு. அதுவும் போச்சுன்னா திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துல எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு நிப்பேன்?"

"எங்கயும் போகாது. உட்காருங்க."

பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கீழே ஜெராக்ஸ் கடையில் யாரோ சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சுவரில் சாய்ந்த தலை தூக்கத்தில் அப்படியே சரிந்தது.

"அக்கா, பாருங்க."

முத்திரை போயிருந்தது. அறுபது பிள்ளைகளின் தோளளவும் கையளவும் வரிசையாக நின்றன.

"எங்கிருந்து வந்துச்சுன்னு பார்த்துடட்டுமா?"

"பாருங்க. அந்த மனுஷன் எதைப் பார்த்தார்னு எனக்குத் தெரிஞ்சாகணும்."

கடைக்காரர், இன்டர்நெட்டிலிருந்து இறக்கிய கோப்புகளின் பட்டியலைக் கீழே தள்ளிக்கொண்டே போனார். ஓரிடத்தில் கை நின்றது. திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"செவ்வாய்க்கிழமை பகல் பதினொன்னே முக்காலுக்கு வீட்டுல யார்…"

அவருடைய போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தவர் உடனே ஒரு சாண் தள்ளிப் பிடித்தார். பின்னால் மோட்டார் இரைய, குரல் கடை முழுக்க நிறைந்தது.

"தம்பி! தையல்காரி வீட்டுக்காரன் பேசறேன்! அவ லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு அங்கதான் வருவா!"

"சார், அது வந்து…"

"முதல்ல கேளுங்க! செவ்வாய்க்கிழமை பகல்ல, துணி வெட்டுறதுக்குக் கட்டிங் சார்ட் ஒண்ணு இன்டர்நெட்டுல காசில்லாமக் கிடைச்சுது, நானே இறக்கிட்டேன்னு போன் பண்ணினா. அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு! அதோட ஒட்டிக்கிட்டு வந்திருக்கு இந்தச் சனியன். நான் சாயங்காலம் போட்டோ காட்ட ஆன் பண்ணினேன், என் மூஞ்சி மாட்டிக்கிச்சு!"

கடைக்காரர் போனைப் பொத்தப் பார்த்தார். பொத்தினால் அடங்குகிற குரலா அது?

"ஒரு வருஷமாக் கெஞ்சி, இப்பதான் தம்பி பயமில்லாம அதைத் தொடறா. தன்னாலதான் வந்துச்சுன்னு தெரிஞ்சா, மறுபடி கிட்டயே போக மாட்டா. நான்தான் எதையோ பார்த்தேன்னு சொல்லிடுங்க. திட்டு வாங்கினது வாங்கினதாவே இருக்கட்டும்!"

தையல்காரி ஸ்டூலை விட்டு எழுந்தாள். கையை நீட்டினாள். கடைக்காரர் போனைக் கொடுத்தார்.

"நான்தாங்க."

அந்தப் பக்கம் மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"உங்க தங்கச்சியையும் டீச்சரையும் சாயங்காலம் வீட்டுக்கு வரச் சொல்லுங்க. யார் பண்ணின வேலைன்னு அவங்க முன்னாடி நானே சொல்லிட்டு, அன்னைக்குப் பாக்காமப் போன போட்டோவையெல்லாம் நானே போட்டுக் காட்டுறேன். நீங்க கொஞ்சம் பக்கத்துல உட்காருங்க, போதும்."