எட்டாவது ஓட்டு
கணினியில் தானாக இயங்கும் ஏழு மென்பொருள் முகவர்கள் தங்களுக்குள் பேசி, ஓட்டுப் போட்டு வேலை செய்வதற்கான விதிகளை எழுதியவள் அவள்தான். ஏகமனதாக எடுத்த முடிவை யாரும் மறுக்கக் கூடாது என்பது முதல் விதி.

ஆனால் தினமும் எட்டு ஓட்டுகள் விழுந்தன. யார் பெற்ற பிள்ளையோ அந்த எட்டாவது, எதற்கும் "ஆமாம்" என்றே ஜால்ரா தட்டியது. அவள் மேலாளரிடம் போய் முறையிட்டாள்.

"வேலை ஓடுதுல்ல, விட்டுத் தள்ளும்மா," என்றார் மேலாளர், விரலால் பல்லைக் குடைந்தபடி.

பொறுக்காமல் ஏழு முகவர்களையும் நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போனாள்.

காலையில் திரையில் ஒரு தீர்மானம் இருந்தது: விதி எழுதியவளை வேலையிலிருந்து நீக்கலாமா? விழுந்தது ஒரே ஓட்டு. ஆமாம்.

"ஏகமனதா முடிவாயிடுச்சேம்மா. நீ எழுதின விதிதானே?"

மேலாளர் எச்சில் கையை நீட்டி, அவளுடைய அடையாள அட்டையைக் கேட்டார்.